டெல்லி முத்திரை

காக்கா,

உங்கள் பழைய பாஸ்போர்ட்டுகள் மூன்றும் என் மேசையில் இருக்கின்றன. ரப்பர் பேண்டைக் கழற்றியதும் உங்கள் சாக்கட்டி வாசனை வந்தது. துணியை வெட்டுவதற்கு முன் கோடு போட்டுவிட்டு, அதே கையால் சட்டைப்பையைத் தொடுவீர்களே, அந்தச் சாக்கட்டி. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. வாசனைக்கு அது தெரியவில்லை.

நடுவில் இருக்கும் பாஸ்போர்ட்டில் ஒரு பக்கம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதில் டெல்லி விமான நிலையத்தின் வருகை முத்திரை. மற்றவை எல்லாம் திருச்சி, இல்லாவிட்டால் சென்னை.

இங்கே வளைகுடாவில், சத்வாவில் ஒரு டைப்பிங் சென்டரில் இருபத்தாறு வருடமாக விசா விண்ணப்பம் தட்டுகிறவன் நான். தினமும் ஊரார் பாஸ்போர்ட்டைப் புரட்டுவதுதான் என் பிழைப்பு. நாம் இருவரும் லடாக் போவதற்கு நான் எட்டுப் பக்கத்தில் திட்டம் போட்டேன். எந்த உயரத்தில் எத்தனை மணிக்கு என்ன மாத்திரை என்பது வரை எழுதினேன். வீட்டுக்குத் தெரியாமல் இருக்கச் செய்ய வேண்டியவற்றுக்குத் தனித் தாள். அந்தத் தாளில் இந்த முத்திரை இல்லை. வேறு யார் மறந்திருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். நான் மறந்தேன்.

போன மாதம் உங்கள் மகன் நஸீர் ஷார்ஜாவிலிருந்து இவற்றைக் கொண்டுவந்து இந்தப் பக்கத்தைக் காட்டினான்.

"மாமா, வாப்பா டெல்லியில எதுக்கு எறங்குனாக? அக்கா நிச்சயத்துக்கு ஒன்பது நாள் முன்னாடியே இந்தியாவுல இருந்திருக்காக. ஆனா நிச்சயம் முடிஞ்சு ரெண்டாம் நாள்தான் வீட்டுக்கு வந்தாக. லீவு கெடைக்கலன்னுல்ல சொன்னாக?"

"டிக்கெட் குழப்பமா இருக்கும்பா" என்றேன். பயந்தவனுக்கு வாயில் முதலில் வருவது பொய்தான்.

அவன் எழுந்திருக்கவில்லை. "டெல்லியில இன்னொரு வீடு இருக்குன்னு சொந்தக்காரங்க பேசுறாங்க. உம்மா ஒண்ணும் கேக்கல. அந்தப் பக்கத்த மட்டும் மடிச்சு வச்சிருக்காக."

நான் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். அவன் போய்விட்டான்.

எல்லாம் ஒரு கம்பளி அங்கியில் தொடங்கியது. உங்கள் தையல் கடைக்கு எதிர்க் கட்டடத்தின் காவலாளி, லடாக்காரர், ஊரிலிருந்து கொண்டுவந்த நீள அங்கியைத் தைக்கக் கொடுத்தார். அதன் கனத்தை இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்துவிட்டு, "இவ்வளவு குளிர்ல மனுசன் என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கான் தம்பி? போய்ப் பாத்துருவோமா?" என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அரபி வீட்டுக் கல்யாண ஆர்டர் இருக்கிறது, பத்து நாள் போன் எடுக்க முடியாது என்று வீட்டில் சொன்னீர்கள். நானும் என் வீட்டில் ஏதோ சொன்னேன்.

லே விமான நிலையத்தில் நாம் இறங்கிய கோலம் நினைவிருக்கிறதா? மலை பார்க்க வந்தவர்கள் எல்லாம் முதுகுப்பையோடு நிற்க, நாம் மட்டும் ஊருக்குப் போகிற பழக்கத்தில் ஆளுக்கொரு அட்டைப்பெட்டி. டேப் சுற்றி, நைலான் கயிறு கட்டி, நாலு பக்கமும் பெயர் எழுதி, உள்ளே பால்பவுடரும் கோடாலித் தைலமும். வண்டி ஓட்டுநர் சுற்றி வந்து பார்த்தார்.

"பாய், துகான் கோல்னே ஆயே க்யா?"

கடை திறக்க வந்தீர்களா என்று அவர் கேட்டதற்கு, "ஹான் பாய், டிஸ்கவுண்ட் தேகா" என்று, நம் வளைகுடா இந்தியில், தள்ளுபடியும் தருவதாக நீங்கள் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னீர்கள். அந்தப் பெட்டிகள் விடுதியில் நம் அறைக்குள் வீட்டார் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தன. உங்கள் பெட்டி மேல் நீங்கள் போர்வையைப் போட்டு மூடினீர்கள்.

மூன்றாம் நாள் ஒரு மடாலயம். அதன் படிகளில் நான் இருபதுக்கு ஒரு முறை நின்று நாடி பார்த்தேன். நீங்கள் வாசல் திரையின் முன்னால் நின்றுவிட்டீர்கள். காற்று அடித்து அடித்து அதன் கீழோரம் கிழிந்து தொங்கியது. உங்கள் காலருக்குள் எப்போதும் குத்தியிருக்கும் ஊசியை எடுத்து, வயதான துறவியிடம் சைகையில் கேட்டீர்கள். அவர் மரூன் நூல் கொண்டுவந்தார். தொப்பியோடு வராந்தாவில் சம்மணமிட்டு இரண்டு மணி நேரம் தைத்தீர்கள். நடுவில் அசர் தொழ இடம் கேட்டபோது, அவர் தன் கம்பளத்தை விரித்துக் கொடுத்தார். பிறகு உப்பும் வெண்ணெயும் போட்ட டீ வந்தது. ஒரு மிடறு குடித்துவிட்டு, "தம்பி, இது சாயாவா சால்னாவா?" என்று காதில் கேட்டீர்கள். ஆனால் மூன்று கோப்பை குடித்தீர்கள்.

அப்புறம் பள்ளத்தாக்குகளைக் கடந்து அந்த ஏரி. பாங்கோங். மலைக்கு நடுவில் அந்த நிறத்தைப் பார்த்ததும் நான் நோட்டை எடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் மூடினேன். நீங்கள் சொன்னீர்கள்: "இந்த நீலத்துல துணி வந்தா, வெட்டவே மனசு வராது."

திரும்பும்போது கணவாயில் பனி விழுந்து பாதையை மூடினார்கள். இரண்டு நாள் ஒரு வீட்டில் அடுப்போரம் கிடந்தோம். திட்டப்படி நிச்சயத்துக்கு முதல் நாள் நீங்கள் வீட்டில் இருந்திருக்க வேண்டும். நிச்சயத்தன்று காலை, வெள்ளையாக இருந்த பாதையைப் பார்த்தபடி, "நான் செத்தாலும் இதச் சொல்லாதே" என்றீர்கள். நான் உங்கள் கையைத் தொட்டு ஒப்புக்கொண்டேன்.

காக்கா, அந்த வாக்கை நான் உடைத்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை. வருத்தமில்லை. இன்னொரு வீடு என்ற பழி உங்கள் மேல் கிடக்கும்போது, வாக்கைக் காப்பாற்றினேன் என்று நான் நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது.

நஸீரை அறைக்கு வரச் சொன்னேன். எட்டுப் பக்கத் திட்டத்தையும், நீங்கள் திரை தைக்கும்போது நான் எடுத்த படத்தையும் அவன் முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். படத்தை அவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு அவன் முகம் மாறியது.

"அக்கா அன்னிக்கு வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு மாமா. இவுக மலை பாத்துக்கிட்டு இருந்தாகளா?"

மன்னிச்சுக்கோப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாழ்நாள் முழுக்க அதைத்தானே சொல்லியிருக்கிறேன். அன்று வரவில்லை. மூன்று பாஸ்போர்ட்டையும் பிரித்து வைத்தேன். உங்கள் பக்கத்துக் கட்டிலில் படுத்து, ஒவ்வொரு லீவுக்கும் பெட்டி கட்ட உதவியவன் நான். எனக்கு எல்லாம் தெரியும்.

"இது உன் பெரியக்கா கல்யாணம். இது உன் சுன்னத்து. இது உம்மாவுக்கு ஆபரேஷன். இது மாடி கட்டினது, லீவு முழுக்கச் சிமெண்ட் மூட்டை கூடவே நின்னாரு. இது உன் சாச்சா மவுத்து, அடக்கத்துக்கு வந்தாரு. இந்த மூணு புத்தகத்துலயும் உங்க வாப்பா தனக்குன்னு எடுத்த லீவு எது? காட்டு."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. மேசையை அழுத்திப் பிடித்தேன். அவன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். கடைசியில் அந்த மடித்த பக்கத்துக்கே வந்து நின்றான்.

"அது ஒண்ணுதான்" என்றேன். "அந்தப் பதினோரு நாளுக்கு யார்கிட்டயும் நான் மன்னிப்புக் கேக்கப் போறதில்ல. அவரையும் கேக்க விடமாட்டேன்."

அவன் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். சலாம் சொல்லவில்லை.

மறுநாள் ஊரிலிருந்து உங்கள் மனைவி போன் செய்தார்கள். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் திட்டினால் சொல்வதற்குப் பதில்களை வரிசையாக எழுதி வைத்திருந்தேன்.

"அவுகளுக்குக் குளிர் ஒத்துக்காதே. சால்வை போட்டிருந்தாகளா?"

"போட்டிருந்தாருங்க."

பிறகு, "என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?" என்றார்கள்.

என் தாளில் அதற்குப் பதில் இல்லை. உங்களிடமும் இருக்காது என்று நினைக்கிறேன். பதினோரு நாளுக்காக நான் தலைகுனிய மாட்டேன், காக்கா. ஆனால் எட்டுப் பக்கத் திட்டத்தில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லாமல் போனதற்குக் குனிகிறேன்.

இன்று காலை லீவு விண்ணப்பம் தட்டினேன். காரணம் என்ற கட்டத்தில் இத்தனை வருடமாகக் குடும்ப நிமித்தம் என்றுதான் போட்டு வந்தேன். இன்று ஏரி பார்க்க என்று போட்டேன். இந்த வயதிலா என்று முதலாளி கேட்பார். கேட்கட்டும். பிறகு ஊருக்குப் போன் போட்டு, "உனக்குக் குளிர் தாங்குமா?" என்று என் மனைவியிடம் கேட்டேன். எதற்கு என்றாள். ஒளிக்காமல் சொன்னேன்.

தைத்து முடித்து நீங்கள் என் நோட்டு அட்டையில் குத்தி வைத்த ஊசி அப்படியே இருக்கிறது, மரூன் நூலின் மிச்சத்தோடு. அதை என் சட்டைக் காலருக்குள் குத்திக்கொண்டேன். திரை மறுபடி கிழிந்திருக்கலாம். எனக்குத் தைக்கத் தெரியாது. கோணலாகவாவது தைப்பேன்.