ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகள்

அக்கா,

சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் காலண்டரில் நீங்கள் நூல் கட்டிவிட்ட பென்சில் இன்னும் இருக்கிறது. தேய்ந்து தேய்ந்து கட்டைவிரல் நீளத்துக்கு வந்துவிட்டது. நேற்றுக் காலை அதைக் கையில் எடுத்தபோது வெங்காய வாசம் அடித்தது. நீங்கள் கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. அது உங்கள் கை வாசமா என் கை வாசமா என்று எனக்கே தெரியவில்லை. இந்த அநாதைப் பிள்ளைகள் விடுதியில் வெங்காயம் உரிக்காமல் யார் இருந்தோம்?

எடுத்த பென்சிலைத் திரும்ப வைக்க முடியாமல் நேற்று பகல் முழுக்க அலைந்தேன். அடுப்படிக்கும் ஆபீஸ் அறைக்கும் எத்தனை நடை நடந்திருப்பேனோ. உட்கார்ந்தால் எழுந்திரு என்கிறது மனசு. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரு தேதியால் வந்தது.

புதிதாக ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். பெயர் முத்துமாரி. பெயரை மாற்றவில்லை, நீங்கள் யாருக்கும் மாற்றியதில்லை. நாகலாபுரம் பக்கம் கருவேலங்காட்டுக்குள் குடிசை போட்டு, விறகை மூட்டம் போட்டுக் கரி சுட்டுக்கொண்டிருந்தவர்களின் மகள். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, ஒரு சொந்தக்காரர் வீட்டில் நாலு மாசம், இன்னொருவர் வீட்டில் இரண்டு மாசம் என்று இருந்துவிட்டு நம்மிடம் வந்து சேர்ந்தாள். காட்டில் பிறந்தவளுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு ஏது? டாக்டர் பார்த்துவிட்டு வயது ஆறு என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். ஆதாருக்குத் தேதி வேண்டும், நீங்களே ஒன்று போட்டுக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். படிவம் நேற்று சாயங்காலத்துக்குள் போக வேண்டும்.

உங்களுக்கு இது அரை நிமிஷ வேலை.

புதியம்புத்தூரில் தையல் மெஷினை விட்டுவிட்டு நான் உங்களிடம் வந்த முதல் வருஷம் நினைவிருக்கிறதா? பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் சட்டை தைக்கத் தேதிகளைக் கேட்டு எழுதினேன். ஒன்பது பேர் ஆகஸ்டின் பின்பாதியில் வரிசையாகப் பிறந்திருந்தார்கள். ஒரே மாசத்தில் இத்தனை சட்டையா என்று நான் புலம்பியபோது, என்னைக் கதவுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், எந்த நாள் யார் சோறு போடுகிறார்கள் என்று குறித்துவைக்கும் காலண்டரைக் காட்டினீர்கள். கிறிஸ்துமஸ் வரும் டிசம்பரைக் கேட்கவே வேண்டாம். தை, மாசியில் வெள்ளாமை வீடு வந்து சேர்ந்ததும் பசுவந்தனையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து ஒரு நேரச் சாப்பாடு போட்டுவிட்டுப் போவார்கள். அந்த மாசங்களில் கட்டங்கள் எல்லாம் பெயரெழுதி நிறைந்திருந்தன. ஆகஸ்டில் நிலத்துக்காரர்கள் விதைக்கும் உழவுக்கும் கையைப் பிசைந்துகொண்டிருப்பார்கள். பதினைந்தாம் தேதி கொடியேற்றிவிட்டு மூன்று வண்டியில் மிட்டாய் வரும். பதினாறிலிருந்து மாசக் கடைசி வரை, அந்தப் பிறந்தநாள்களை விட்டால் ஒரு பெயர் கிடையாது. ரேஷன் அரிசியும் ரசமும்தான்.

"ஊர்ல பிள்ளையோட பிறந்தநாள்னு சொன்னா மட்டும் யாராவது ஒரு குடும்பம் ஏத்துக்கிடுதாவ. பிள்ளைக்கு ஒரு நாளு வேணும், நாளுக்கு ஒரு சோறு வேணும். ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட்டுட்டேன். இதுல யாருக்கு என்னட்டி நஷ்டம்?" என்றீர்கள்.

ஜெபம் பண்ணுகிற வாயால் இப்படிப் பொய் சொல்லலாமா என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். மூன்று நாள் உங்களோடு பேசாமல் மெஷினை மிதித்தேன். மூன்றாம் நாள் வந்து தைத்த சட்டையைத் திருப்பிப் பார்த்து, "கோவத்துலதான் ஒனக்குத் தையல் நேராப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அதற்கு மேல் எப்படிக் கோபமாக இருப்பது?

வெளிநாட்டு உதவி நின்ற பிறகு உங்கள் கணக்குதான் நம்மைக் காப்பாற்றியது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எஸ்தர் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த நாளை என்னால் மறக்க முடியவில்லை. நம் கையில் வளர்ந்து நர்சாகிப் போனவள். அவளும் ஆகஸ்டுப் பிள்ளை. பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னாள்: "எனக்கு ஏன் ஆகஸ்ட் வந்துச்சுன்னு தெரியும் பெரியம்மா. சோறு இல்லாத மாசம். அந்த நாளு வந்தா இன்னமும் எனக்குப் பசிக்கி."

 அவள் போனதும் வெங்காயக் கூடையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். அதற்குப் பிறகு வந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஆகஸ்டில்தான் தேதி போட்டீர்கள். அது எப்படி முடிந்தது உங்களுக்கு? கேட்காமல் விட்டுவிட்டேன். இப்போது யாரிடம் கேட்பது?

நேற்றைய கதைக்கு வருகிறேன். மார்க்கெட்டில் இரும்புக்கடை வைத்திருக்கிற பாய்க்குப் பேத்தி பிறந்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் போன வாரம் வந்து, "ஒரு பொம்பளப்பிள்ளையோட பிறந்தநாள மட்டும் சொல்லுங்க தங்கச்சி. நான் இருக்க வரைக்கும் வருசா வருசம் அன்னைக்குச் சோறு நம்மளது" என்றார். பிறந்தநாள் பார்க்காமல் ஆகஸ்டில் ஒரு நாள் போடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். பிள்ளை பிறந்த நாளில்தான் போடுவேன் என்பதில் உறுதியாக இருந்தார்.

உங்கள் பென்சிலால் ஆகஸ்ட் பத்தொன்பதில் 'பாய், முத்துமாரி' என்று எழுதினேன். பதினாறுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவில் இன்னும் ஒரு நாள் வயிறார. எழுதி முடித்ததும் எஸ்தர் சொன்னது காதில் கேட்டது. படிவத்தில் மையால் எழுதக் கை வரவில்லை. கடைசியில் முத்துமாரியையே கூப்பிட்டேன். முழங்கால் புண்ணைச் சொறிந்துகொண்டு வந்து நின்றாள்.

"ஏட்டி, ஒனக்குப் பிறந்தநாள் என்னைக்கு வைக்கலாம்?"

"நாமளே வச்சிக்கிடலாமா சித்தி? அப்போ நாளைக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாளைக்கு வேண்டாம், ஆகஸ்டில் வைத்துக்கொள்வோம், அதற்குள் சித்தி பூப்போட்ட சட்டை தைத்துத் தருகிறேன், பாய் தாத்தா நெய்ச்சோறு கொண்டுவருவார் என்று ஆசை காட்டினேன். ஆகஸ்டுக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டாள். ஆறு மாசம் என்றேன். புண்ணைச் சொறிவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அது வரைக்கும் நான் இங்கன இருப்பனா?"

அக்கா, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்களோ தெரியாது. நான் மாசி மாசத்து இன்றைய தேதியையே மையால் எழுதிப் படிவத்தைக் கொடுத்தனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. இன்றைய கட்டத்தில் ஏற்கெனவே ஒரு ரிட்டையர்டு தம்பதியின் பெயர் இருந்தது. அவர்களுடைய கல்யாண நாள். பாய்க்குப் போன் செய்து தயங்கித் தயங்கிச் சொன்னேன். அப்படியானால் ராத்திரிச் சோறு தன்னுடையது என்றார். இனிமேல் வருஷா வருஷம் சோறு நிறைந்த நாளிலேயே இன்னொரு சோறு. என்ன ஒரு நிர்வாகம் என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது தெரிகிறது. சாயங்காலம் மிச்சத் துணியில் ஒரு சட்டை தைத்தேன். தையல் கோணிக்கொண்டு போனது.

இன்று மதியம் அந்தத் தம்பதி முட்டை பிரியாணி கொண்டுவந்தார்கள். பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, பந்தி உட்கார்ந்தது. முத்துமாரி கோணல் சட்டையோடு தட்டைப் பார்த்தாள், பெரிய அண்டாவைப் பார்த்தாள், பிறகு என் சேலையை இழுத்தாள்.

"சித்தி, இந்தச் சோறெல்லாம் எனக்காகவா?"

பரிமாறிக்கொண்டிருந்த அந்த அம்மாளுக்கும் கேட்டுவிட்டது. கரண்டியோடு நின்று என்னைப் பார்த்தார். சற்றுமுன் ஜெபம் பண்ணிய அதே வாயால், "ஆமாட்டி, ஒனக்குத்தான்" என்றேன். அந்த அம்மாள் அவள் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தார். மூன்று நாள் உங்களோடு பேசாமல் இருந்தேனே, அதற்கு இன்று மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது பிள்ளைகள் தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்கிறது. காலண்டரில் ஆகஸ்டைப் புரட்டி, எழுதியதை அழித்தேன். நான் அழுத்தி எழுதியிருந்ததால் தடம் போகவில்லை. அந்தக் கட்டம் காலி அக்கா. அன்றைக்கு இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு என்ன போடப்போகிறேன் என்று இப்போதே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கன இருப்பனா என்று கேட்டாளே, இருப்பாள். அன்றைக்கும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவாள். அவளுக்கும் சேர்த்துத்தான் நான் உலை வைக்க வேண்டும்.