பெரிய பெட்டி வேண்டாம் என்றது நான்தான்

செவ்வாய், இரவு.

இதை யார் எடுத்துப் படித்தாலும், கெஞ்சிக் கேட்கிறேன், அப்பாவிடம் காட்டாதீர்கள்.

அப்பா கல்யாண வீடியோ எடுப்பவர். போன வாரம் 4கே எடிட்டிங்குக்குக் கம்ப்யூட்டர் வாங்கத் தேனிக்குப் போனோம். அப்பா டீ குடிக்கப் போயிருந்தபோது கடைக்காரர் ஒரு டெஸ்க்டாப்பைக் காட்டி, "4கே வீடியோவுக்கு இந்தப் பெரிய பெட்டிதேன் தாங்கும் பாப்பா" என்றார். திரும்பி வந்த அப்பா, "எனக்கென்ன தெரியும், நீயே சொல்லு ஆத்தா" என்றார். நானும் காலேஜுக்குத் தூக்கிக்கொண்டு போகலாமே என்ற ஆசையில், கடைக்காரர் சொன்னதை மறைத்து, மெல்லிய லேப்டாப்பைக் காட்டினேன்.

இன்று அந்த லேப்டாப்பில் சின்னமனூர்க் கல்யாண வீடியோ திக்கித் திக்கி ஓடி, தாலி கட்டும் இடத்தில் நின்றேவிட்டது.

அப்பா திட்டவில்லை. "எம்புள்ள பாத்து வாங்குனது சரியாத்தேன் இருக்கும். கேமராதேன் கோளாறு. காலைல வித்துப்புடுறேன்" என்று அம்மாவிடம் சொன்னார்.

அதற்குள் சொல்லியாக வேண்டும். சொன்னால் இனி என்னை நம்புவாரா?

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா குரல்