கல்லின் கீழ்ப்பக்கம் நிற்க வேண்டியவர்

கல் நிலைக்க. கயிறு நையாதிருக்க.

ஒன்பது குன்றுகளுக்கு உரிய கருவரை நாட்டு அரசியார் பெருங்கோப்பெண்டின் திருவாணையால், அந்நாட்டு அமைச்சரும், கல்லிழுப்பார் குடியில் பிறந்து பதினெட்டு ஆண்டு வடம் பிடித்தவருமாகிய கொற்றியார், வயலும் வாய்க்காலும் வற்றாத பூம்பழன நாட்டு வேந்தர் நல்லடியாருக்கு விடுக்கும் ஓலை. வேந்தரின் குடை நிழலில் குடிகள் இனிது வாழ்க. தேவியாரின் இருமல் தணிந்தது கேட்டு இங்கு யாவரும் மகிழ்ந்தனர். வாழ்த்து இவ்வளவே. இனிச் செய்தி.

கொற்றியார் கூத்துக்குப் பகைவர் அல்லர் என்பதை வேந்தர் முதற்கண் அறிக. பூம்பழனத்துக் கூத்தர் மலையேறி வந்த நாளெல்லாம் அலுவலை ஒதுக்கிவிட்டு, உண்ட கை உலருமுன் அரங்குக்கு ஓடியவர் அவர். ‘மயிலாள் சூளுரை’யில் தலைவி அழுது முடிப்பதற்குள் ஒரு பானைச் சோறு வெந்துவிடும் என்றும், அரக்கன் வேடம் கட்டியவர் வந்த பிறகே கதைக்கு உயிர் வந்தது என்றும், ‘ஏழு கதவு’ ஐந்தாம் கதவோடு முடிந்திருந்தால் எல்லோரும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம் என்றும் அவர் கூத்தர் முகத்துக்கு நேரே சொன்னதுண்டு. மத்தளக்காரரை மட்டும் இன்றளவும் ஒரு குறை சொன்னதில்லை. கொற்றியாரின் தம்பி தத்தனோ இன்னும் ஒருபடி மேல். அக்கூத்தரின் பாடகர் பொன்மாறப் பேரரையர் குடுமியை இடப்பக்கம் சாய்த்து முடிந்தால், மறுநாளே தத்தன் குடுமியும் இடப்பக்கம் சாயும்.

சென்ற ஐப்பசியில் ‘மலைபெயர்த்த கோமான்’ என்னும் கூத்து வந்தது. பேரரையர் தனியொருவராய்த் தூணை இழுத்தபடியே பாடினார். அந்தத் தூண் மூங்கிற் பிளாச்சின்மேல் துணி போர்த்தி மண் பூசியது. இரண்டு பூனைகளைக் கட்டினால் இழுத்துக்கொண்டு ஓடிவிடும். போகட்டும், கூத்தென்றால் அப்படித்தான். ஆனால் அவர் பாடியது கருவரையார் கல்லிழுக்கையில் பாடும் வடப்பாட்டு. அதில் ஒவ்வோர் அடி முடிந்ததும் ஒரு மூச்சளவு எவரும் வாய் திறப்பதில்லை. அந்த அமைதியில்தான் வடம் பிடிக்கும் அறுபதின்மரும் ஒருசேர இழுப்பர். மூச்சைப் பிடித்து இழுக்கிறவன் வாயில் பாட்டு வராது என்பது வடம் பிடித்த எவருக்கும் தெரியும். பேரரையரோ அந்த அமைதியை விட்டுவைக்கவில்லை. கடைசி எழுத்தை நீட்டி, நெளித்து, உச்சிக்கு ஏற்றி, மெல்ல இறக்கி, அடுத்த அடியோடு ஒட்டிவிட்டார். கூட்டம் எழுந்து நின்று கூவியது. கொற்றியாரும் கூவினார், மறைப்பதற்கில்லை.

மாதம் ஒன்று கழிந்தது. வேந்தர் கட்டும் புதிய ஆடரங்குக்கான நாற்பது தூண்களில் முதலாவதைக் கருவரைக் கற்குழியிலிருந்து சரிவில் ஏற்றும் நாள். அன்று வடப்பாட்டுக்குக் குரல் கொடுக்கும் முறை தத்தனுடையது. குரல் கொடுப்பவர் கல்லின் கீழ்ப்பக்கம் நிற்க வேண்டும் என்பது கருவரையின் வழக்கம். பிழையான குரல் கொடுத்தால் முதலில் தானே படவேண்டும் என்று முன்னோர் வைத்தது. தத்தன் அங்கே நின்று பேரரையர் போலவே நீட்டினான். முன்வடம் பிடித்த வேட்டுவச்சி, “எலேய், நீ பாட்டுக்கு நீட்டிக்கிட்டே போனா நாங்க எங்கடா இழுக்கிறது?” என்று கத்தினார். “சும்மா கேட்டுக்கிட்டே இழுங்கத்தை, கல்லு தானா வரும்” என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள். குரல் ஏறியபோது பாதிப்பேர் இழுத்தார்கள். இறங்கட்டும் என்று பாதிப்பேர் காத்திருந்தார்கள். வடம் ஒருபுறம் தொய்ந்தது. கல் உருளைக்கட்டையை விட்டுத் திரும்பிக் கீழே இறங்கியது. தத்தனுக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டும் இல்லை.

இதை அறிவித்தபோது வேந்தர் அருளிய மறுமொழி, கூத்தைக் கூத்தாகப் பார்க்கத் தெரியாதவர் கல்லோடு நின்றுகொள்வதே நலம் என்பது. கூடவே பேரரையர் தோளில் கிடந்த பட்டொன்றும் வந்தது. தத்தன் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கிடக்கிறான். கழற்ற மாட்டேன் என்கிறான். “அக்கா, அவரை என்ன வேணா சொல்லு, அந்தப் பாட்டு இழுவையை மட்டும் குறை சொல்லாத. அதுல உசிர் இருக்கு” என்றான். “உசிரு உன் கால்லடா இருந்துச்சு” என்றார் கொற்றியார். இவ்விடத்தில் ஓலை எழுதும் காரியார் எழுத்தாணியை நிறுத்தி, இப்பேச்சு அரச ஓலைக்கு ஆகுமோ என்று வினவினார். ஆகும், ஒரு சொல் விடாமல் எழுதுக என்று அமைச்சர் பணித்தார்.

ஆதலின் அரசியாரின் ஆணை இது. நாற்பது தூண்களும் சரிவின் அடியில் கிடக்கும், ஒன்றும் அசையாது. பங்குனி முடியுமுன் பொன்மாறப் பேரரையர் கருவரைக்கு வந்து, உச்சிவெயிலில், ஒன்பது குன்றத்தாரும் காண, முதல் தூணுக்குக் குரல் கொடுக்கக் கடவர். நிற்குமிடம் கல்லின் கீழ்ப்பக்கம். வடம் பிடிப்போர் அன்று பிடித்த அதே அறுபதின்மர். அவர்கள் எவரும் அவருக்குச் சைகை காட்டார். அவர் குரலையே கேட்பர். அந்த ஒரு மூச்சளவு அவர் வாய் மூடினால் கல் மேலேறும். தாம் அன்று எழுந்து நின்று கூவியது பொய்யான நீட்டலுக்கு என்று கூடியிருப்போர் அறிவர். அதன்பின் எந்த அரங்கிலும் அவர் அப்பாட்டை எடுக்க இயலாது. மூடாவிட்டால், கல் தத்தனுக்குச் செய்ததையே அவருக்கும் செய்யும். அவர் வாராதிருந்தால், வேந்தர் தம் ஆடரங்கை மூங்கிலால் நாட்டி மண் பூசிக்கொள்க.

இன்னும் ஒன்று. வாய் மூடவேண்டிய இடம் எதுவென்று இவ்வோலையில் சொல்வது கொற்றியாரின் எண்ணமன்று. பேரரையர் அறியாமலே வந்து நிற்கட்டும் என்றே இருந்தார். தத்தன் இரண்டு நாள் கஞ்சி குடிக்க மறுத்து அதைச் சொல்லவைத்தான். கருவரையில் பேரரையர் பெறும் இரக்கம் அவ்வளவே.

வடமுடிச்சு இலச்சினை இட்டது. ஆணை மாறாது.