நீ போட்ட இரண்டாவது சுற்று

என் உயிர் மாப்ள முத்துவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று உன்னிடம் கேட்க முடியாது. இருந்தாலும் கேட்டுத் தொலைக்கிறேன். எப்படி இருக்கிறாய்?

நம் கல்லூரியில் எல்லோரும் சேர்ந்து செய்த செயற்கைக்கோள் மேலே போய்விட்டது. நீ செல்லமாக டப்பா என்பாயே, அதேதான். ராக்கெட் சரியான இடத்தில்தான் விட்டது. ஆனால் டப்பா வாயே திறக்கவில்லை. அல்லிநகரத்தில் நம் அறை மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறோம். வெறும் இரைச்சல்தான்.

காரணம் போன வாரம்தான் தெரிந்தது. டப்பாவை அனுப்புவதற்கு முன் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அதன் ஆன்டெனாவை மடித்து நைலான் நூலால் கட்டியிருந்தோம் இல்லையா? மேலே போனதும் ஒரு சின்னக் கம்பி சூடாகி நூலை அறுக்கும், ஆன்டெனா விரியும். அதற்கு ஒரு சுற்றுதான் போட வேண்டும். அதிர்வுச் சோதனையில் நூல் தளர்ந்துவிட்டதென்று கடைசியாக மறுபடி கட்டியவன் நீ. போட்டோவில் இரண்டு சுற்று இருந்தது. இரண்டாவது சுற்று அந்தக் கம்பியைத் தொடவே இல்லை; அது அறுபடாமல் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. கோம்பையில் உங்கள் திராட்சைத் தோட்டத்தில் கொடியைப் பந்தல் கம்பியோடு கட்டும்போது என்னைத் திட்டுவாய். "ஏலே, ரெண்டு சுத்து போடு. ஒத்தச் சுத்து ஆடிக்காத்துக்கு நிக்காது." உன் கை யோசிக்காமல் அதையே செய்திருக்கிறது. அங்கே காற்றே கிடையாதேடா, கிறுக்கா.

நீ இதைப் பார்க்காமல் போனதே நல்லது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அப்படி நினைத்த என்னை எனக்கே பிடிக்கவில்லை. சின்னமனூர் ரோட்டில் அந்த லாரி மட்டும் வராதிருந்தால் நீ தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாய். நாங்கள் திட்டித் தீர்த்துவிட்டு, உன்னைப் பரோட்டா சாப்பிடக் கூட்டிப் போயிருப்போம். திட்டு வாங்கக்கூட நீ இல்லையே.

உன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன்.

"ஏய்யா, எம்மகன் செஞ்ச டப்பா பேசுச்சா? உங்க சாரு என்ன சொன்னாக?"

"இன்னும் பேசல அத்தை."

"அவனும் அப்புடித்தான். கோவம் வந்தா லேசுல பேச மாட்டான். நீங்க விடாம கூப்புடுங்க."

காபி டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

பையன்கள் யாரும் உன் பெயரை எடுக்கவில்லை. ஆனாலும் ஊருக்குள் எப்படியும் பரவிவிடும். உன் மகனால்தான் டப்பா கெட்டது என்று யாரோ வழியில் போகிறவர் அத்தையிடம் சொல்லக் கூடாது. இந்த மாதம் உன் முதல் தெவசம். அன்றைக்கு நானே அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்கிறேன்.

அந்த டப்பா எரிந்து விழும் நாள்வரை நம் பள்ளத்தாக்குக்கு மேலே வரும்போதெல்லாம் கூப்பிடுவேன். இது சத்தியம். ஏன் பேசவில்லை என்று அத்தை கேட்டால் இதைத்தான் சொல்வேன்: "அவன் கட்டுன கட்டு இன்னும் அவுரல அத்தை."

உன் மாப்ள,
சரவணன்