மூங்கில் கழி மேல் ஒரு ஜாடி

1996 மார்ச் 12

அற்புதத்துக்கு இன்றும் இளைப்பு. நாலு வயதுத் தங்கச்சி. மூச்சு இழுக்கும்போது விலா எலும்பெல்லாம் தெரிகிறது. அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் எட்டாவதோடு நின்றேன். பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருக்கிறேன்.

மத்தியானம் ஜீப்பில் ஒருவர் வந்தார். நல்லமுத்து என்று பெயர். சேலத்தில் தூசி சோதிக்கிற ஆபீஸாம். சுரங்கத்து லாரிகள் எங்கள் வாசலை ஒட்டிப் போகக்கூடாது என்று மேட்டுக்காட்டு வெள்ளையன் மாமா ஒன்றரை வருடம் மனுவோடு அலைந்தார். இப்போதுதான் ஆள் வந்திருக்கிறது.

வாசலில் மூங்கில் கழிகள் நட்டு, உயரத்தில் ஒரு கண்ணாடி ஜாடியை வைத்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். முப்பது நாள் இருக்குமாம். தூசி அளவுக்கு மேல் இருந்தால் லாரிகளைச் சுற்றுப்பாதையில் திருப்பிவிடுவார்களாம். அப்பாவிடம் இன்னும் என்னவோ சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். லாரிச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

போகும்போது, "கண்ணு, கவுந்துறாமப் பாத்துக்க" என்றார். தலையாட்டினேன்.

மார்ச் 13

இன்று எண்ணினேன். இருட்டுவதற்குள் நாற்பத்தொரு லாரி.

மார்ச் 26

நல்லமுத்து சார் வந்தார். ஸ்டூல் மேல் ஏறி ஜாடியில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார். வெள்ளையன் மாமா, "ஏனுங்க சார், அடுத்த தடவ ஒரு மம்முட்டி கொண்டாங்க, அள்ளிட்டுப் போலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் நானும்.

ஏப்ரல் 9

ஈஸ்டர் முடிந்துவிட்டது. நாளை சர்ச் சாமியார் ஜெபம் சொல்லி வீடு மந்திரிக்க வருகிறார். "ஊட்டுல ஒரு பொட்டு அழுக்கு இருக்கப்படாது" என்று அம்மா சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். சுவர், பாத்திரம், மாதா படத்துக் கண்ணாடி எல்லாம் துடைத்தேன். வாசலுக்கு வந்தால் முதலில் கண்ணில் படுவது ஜாடிதான். செம்மண் கரைத்த மாதிரி இருந்தது. பார்க்கிறவர்கள் நம்மைத்தானே சொல்வார்கள்?

அம்மா வேலை பார்க்கும் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் மழைமானியை அப்படித்தான் செய்வார். அளந்து, எழுதி, தண்ணீரைக் கொட்டிக் கழுவி வைப்பார். சாரும் போன தடவையே எழுதிக்கொண்டு போய்விட்டார். சாம்பல் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். பளிச்சென்று இருக்கிறது.

ஏப்ரல் 11

என்ன பண்ணிட்டேன் நான்.

சார் ஜாடியை இறக்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார். "நீங்க சொன்ன அளவுக்கு இல்லீங்களே" என்றார். அடியில் படிந்ததை எடுத்துப் போய் எடை போடுவார்களாம். முப்பது நாளும் சேர்ந்ததை. வெள்ளையன் மாமா முகம் ஒரு மாதிரி ஆனது. கதவுக்குப் பின்னால் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ஜீப் போய்விட்டது. ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை சொல்ல வராதா எனக்கு?

ஏப்ரல் 14

அம்மாவிடம் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆருகிட்டயும் சொல்லீராத கண்ணு. உங்கொப்பனுக்குத் தெரிஞ்சா…"

மே 24

பஞ்சாயத்து ஹாலில் கூட்டம். சாரிடம் கொடுக்கக் கடிதம் எழுதி மடியில் வைத்திருந்தேன். தூசி அளவுக்குள்தான் இருக்கிறது, லாரிகள் இதே பாதையில் போகலாம் என்று வாசித்தார்கள். சுரங்கத்து மேஸ்திரி பின்னாலிருந்து, "என்ன வெள்ளையா, உம்பட தூசியெல்லாம் எங்க? பொண்டாட்டி கூட்டித் தள்ளிட்டாளா?" என்றான். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

எல்லோரும் எழுந்த பிறகுதான் கடிதத்தை நீட்ட முடிந்தது. சார் நின்றபடியே படித்தார். "அன்னிக்கே சொல்லியிருந்தா வேற ஜாடி வெச்சிருப்பனே கண்ணு. ரிப்போர்ட் மேல போயிருச்சு. இனிப் புது மனு போட்டு, அடுத்த வெயில் காலத்துல ஆள் அனுப்பினாத்தான்." கோபப்படவில்லை. கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மே 25

வெள்ளையன் மாமாவிடம் சொல்லிவிட்டேன். "ஒன்றரை வருசம் நடந்தேன் கண்ணு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

ஜூலை 2

அறுபத்துமூன்று லாரி. மழையில் தூசி இல்லை, சேறு. அப்பா புது மனுவில் கையெழுத்துப் போட்டார். மாமா வரவில்லை, முழங்கால் வலியாம்.

நவம்பர் 18

அற்புதத்தை மாரமங்கலத்துச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். அங்கே லாரி வராது. பஸ் ஏறும்போது, "நானும் வர்றேன் அக்கா" என்று என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். விரல் விரலாகப் பிரித்தேன்.

1997 பிப்ரவரி 28

வெயில் வந்துவிட்டது. ஆள் யாரும் வரவில்லை. கழிகள் அப்படியே நிற்கின்றன. காலி ஊறுகாய் ஜாடியைக் கழுவித் தண்ணீர் ஊற்றி மேலே வைத்தேன்.

மார்ச் 20

வெள்ளையன் மாமா அந்தப் பக்கம் போனவர் நின்று அண்ணாந்து பார்த்தார். "இதையாச்சும் கழுவாம வெச்சிருப்பியா?" கொஞ்சம் சிரித்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு.

ஏப்ரல் 2

இன்று வீடு மந்திரிப்பு. எல்லாவற்றையும் துடைத்தேன், அதைத் தவிர. அம்மா இரண்டு முறை அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

சாமியார் வாசலில் நின்று, "இதென்ன, ஊட்டு முன்னால அழுக்குத் தண்ணி?" என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் கதவுக்கு வெளியே வந்தேன்.

"முப்பத்துமூணு நாள் தூசிங்க சாமி. எங்க பாப்பா இங்க இருந்தப்ப சுவாசிச்சதும் இதைத்தான்."

சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். கதவிலும் சுவரிலும் தெளித்துவிட்டு, ஜாடியின் பக்கமும் கையை வீசினார். அவர் அடுத்த வீட்டுக்குள் போவதற்குள் நான்கு லாரிகள் போய்விட்டன.