காப்புக் கட்டிய கை

ஓகஸ்ட் 4, திங்கள்

கச்சான் காற்று. குசினி முழுக்க மணல்.

அப்பா, மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் குடிக்கும் தண்ணீரையும் போகாத சிறுநீரையும் பற்றி மகள் எழுதிவைப்பது சரியில்லைத்தான். அம்மா இருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். வேறு ஆரிடமும் எனக்கு வாய் வராது.

இன்று டயலிசிஸ். கந்தோரில் லீவு. வழக்கம்போல முதலில் நிறை பார்த்தார்கள். வியாழனுக்குப் பிறகு ஏறியது அத்தனையும் தண்ணீர். சிறுநீரகம் வேலைசெய்யாவிட்டால் குடித்தது உடம்புக்குள்ளேயே நிற்கும். முதலில் கால் வீங்கும். பிறகு மூச்சு முட்டும்.

கிண்ணியாவிலிருந்து வரும் நர்ஸ்: "என்ன ஐயா, கொட்டியாரக் குடாவையே குடிச்சிட்டு வந்தீங்களா?"

அப்பா: "கடலுக்குப் போகத்தான் விடமாட்டீங்கள். குடிக்கவாவது விடுங்கோ மிஸ்."

பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். கடைசி மணித்தியாலத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். நான் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில், ஓட்டோ உட்துறைமுகப் பக்கம் வந்ததும், படகுகளைப் பார்க்காமல் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "இனிப் போதும் பிள்ளை. எனக்கு ஏலாது."

கேட்காததுபோல இருந்துவிட்டேன்.

டயலிசிஸை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

வெயில். காலையில் முதல் வேலை, அப்பாவின் வலது மணிக்கட்டில் விரல் வைப்பது. நாடியையும் நாளத்தையும் ஒன்றாக இணைத்துத் தைத்த இடம். இரத்தம் இயந்திரத்துக்குப் போய்வருகிற வாசல் அது. விரலுக்கடியில் உர்ரென்று அதிர வேண்டும். அதிர்வு நின்றால் உடனே ஆஸ்பத்திரி.

"இஞ்சின் ஓடுதோ?"

"ஓம் அப்பா."

மற்ற ஆட்களுக்கு இடது கையில் செய்வார்கள். அப்பா இடக்கையர், வலை வீசியதும் அந்தக் கையால்தான். அதனால் இவருக்கு வலதில். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக்கூடாது, டயலிசிஸ் ஊசி தவிர வேறு ஊசி கூடாது, பாரம் கூடாது, இறுக்கமாக எதுவும் கூடாது. அப்பாவின் தங்கச்சி மாமிக்கும் சொல்லியிருக்கிறேன். மெதுவாகச் சொன்னேனோ?

உருளைக்கிழங்கை வெட்டி அவித்து, பொட்டாசியம் போகத் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டுச் சமைத்தேன். உப்பு மட்டு. கருவாடு இல்லை. "பஞ்சைத் தின்னலாம்" என்றார் அப்பா. தின்றார்.

பின்னேரம் மாமி செவ்விளநீரோடு வந்தார். "அண்ணனுக்குச் சூடு. குளிர்ச்சியா ஒரு வாய் குடிக்கட்டும்." இளநீரில் பொட்டாசியம். அது அப்பாவின் உடம்பிலிருந்து வெளியேறாது, இதயத்தையே நிறுத்திவிடும். இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. வாங்கி நானே குடித்தேன். மாமி பார்த்த பார்வை!

"படிச்ச பிள்ளைக்கு நல்ல தாகம்தான்."

ஓகஸ்ட் 7, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை.

புதன் பின்னேரம் கந்தோரால் வந்தேன். அப்பா கட்டிலில், கை போர்வைக்குள். மாமி கதிரையில், நெற்றியில் திருநீறு.

"அம்மன் கோயில் காப்பு. ஐயரிட்டக் கேட்டு வாங்கினனான். அண்ணனுக்குக் கட்டியாச்சு, இனி ஒண்டும் வராது."

ஆண்களுக்கு வலது கையில்தான் காப்புக் கட்டுவது. போர்வையை இழுத்தேன். தைத்த இடத்துக்கு மேலேயே மஞ்சள் நூல், பல சுற்று, கழன்றுவிடாமல் இறுக்கி. விரல் வைத்தேன்.

ஒன்றுமில்லை.

கத்தரிக்கோல் எடுத்தேன். மாமி குறுக்கே வந்தார். "அம்மன்ர நூலடி! வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாது."

"தள்ளுங்கோ மாமி!"

என் சத்தம்தான். முற்றத்தில் நின்ற கோழி ஓடியது.

வெட்டினேன். அப்போதும் இல்லை. ஓட்டோ. இரத்தம் உறைந்து அடைத்தால் கழுத்தில் குழாய் போட வேண்டும். அப்பா அதற்குச் சம்மதிக்கவே மாட்டார். அந்த நினைப்பு ஒன்றுதான் வழி முழுக்க. ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த அரைச் சிங்களத்தில், வரிசையில் நின்றவர்களைத் தாண்டி, டொக்டரிடமே போய்ச் சொன்னேன். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கனநேரம். பிறகு தலையசைத்தார். மெல்லிசாக ஓடுகிறது.

மருந்து ஏற்றி அங்கேயே வைத்திருந்தார்கள். இன்று ஊசி ஏறியது, இயந்திரமும் ஓடியது. கிண்ணியா நர்ஸ் என் முதுகில் தட்டி, "வாய் இருக்குதானே தங்கச்சி" என்றார்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

மாமி வரவில்லை. நூல் துண்டுகளைச் சாமித்தட்டில் வைத்திருக்கிறேன். எறிய மனமில்லை.

மாமி மேல் கோபம் என்று அப்பாவிடம் சொன்னேன். மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அவளை ஏசாத. இந்தக் கையில கட்டலாமோ அண்ணன் எண்டு கேட்டவள். நான்தான் நீட்டினனான்."

குசினிக்குள் போய் நின்றேன். அரிசி களைந்தேன். களைந்ததையே திரும்பக் களைந்தேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

காற்று இல்லை. புழுக்கம். அப்பாவுக்குத் தாகம், ஐஸ் துண்டு ஒன்று வாயில். கால் வீங்கத் தொடங்கிவிட்டது.

காலையில் மாமி வந்து வாசலிலேயே நின்றார். "என்னில கோபமோ?" இல்லை என்றேன். உள்ளே வந்து உருளைக்கிழங்கு தோல் சீவித் தந்தார். "இந்தத் தண்ணியை ஊத்தவோ?" "ஓம் மாமி, ஊத்துங்கோ."

நாளைக்குத் திங்கள். ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்றோ வரமாட்டேன் என்றோ அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டோக்காரர் கேட்டதற்கு, "பார்ப்பம்" என்றாராம்.

நான் அவரிடம் எதையும் கேட்டு வளரவில்லை. பள்ளிக்கூடச் சப்பாத்து கிழிந்தபோதும் அவரே பார்த்துத்தான் வாங்கித் தந்தார். "உனக்கு வாய் என்னத்துக்கு?" என்று பகிடி பண்ணுவார். கம்பஸில் படிக்க பஸ் ஏறிய அன்றும் அதைத்தான் சொன்னார்.

இப்போது போய்க் கட்டில் விளிம்பில் இருந்தேன். மணிக்கட்டில் விரல் வைத்தேன். உர்ர்.

"இஞ்சின் ஓடுதோ?"

"ஓடுது."

விரலை எடுக்கவில்லை. அவரும் கையை இழுக்கவில்லை.

"அப்பா, எனக்காக நாளைக்கு வாங்கோ."