மதகுச் சுவரோரம் நின்ற வண்டி

இன்று காலை ஏசி பழுது பார்த்து வந்த காரில் ஏறி உட்கார்ந்தேன். வெயிலில் நின்ற சீட்டின் சூட்டு வாசனை மூக்கில் ஏறியது. அடுத்த நொடி இறங்கிவிட்டேன். "இன்னாம்மா ஆச்சு?" என்றான் மகன். ஒன்றுமில்லை என்றேன். அந்த வாசனைக்குள் நீயும் நானும் அடைந்து கிடந்த நடுப்பகலை அவனிடம் எங்கிருந்து தொடங்குவது? உன்னிடம் என்றால் தொடங்கவே வேண்டாம்.

வாரம் மூன்று நாள் உனக்கு டயாலிசிஸ். பாகூர் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் என்பதால் உன்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதை நானே எடுத்துக்கொண்டேன். நீ கடலோரத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் போன பிறகும் படகை விற்காமல் ஆள் வைத்துக் கடலுக்கு அனுப்பியவள். இன்ஜின் மக்கர் செய்தால் ஸ்பேனரோடு நீயே உட்காருவாய். நான் கரும்பு போடுகிற வீட்டுக்காரி. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் கார் ஓட்டப் பழகியவள்.

அந்தச் சித்திரையில் காருக்குக் கிளட்ச் மாற்றினோம். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த நாள் முதல் தொல்லை. பள்ளத்தில் இறங்கினால் டேஷ்போர்டு விளக்கெல்லாம் சிமிட்டும், இன்ஜின் நின்றுவிடும். திருப்பிக் கொண்டு போனால் அங்கே ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகி என் மானத்தை வாங்கும். பேட்டரி போச்சு என்றார் மெக்கானிக். புதுசு மாட்டியும் வண்டி நின்றது.

"கிளட்ச் மாத்தறதுக்கு முன்னாடி இது இருந்துச்சா? இல்லல்ல? அப்ப அவங்க கை வச்ச எடத்துலதான்டி இருக்கு" என்றாய். மெக்கானிக்குக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் நடுப்பகலில் உன்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது ஏரிக்கரை ரோட்டில் எதிரே கரும்பு டிராக்டர் வந்தது. இடப்பக்கம் ஒதுங்கினேன். சக்கரம் பள்ளத்தில் விழுந்ததும் எல்லாம் அணைந்தது. வண்டி உருண்டு போய் மதகுச் சுவரை ஒட்டி நின்றது. பாட்டு அலற டிராக்டர் போய்விட்டது. உன் பக்கத்துக் கதவைச் சுவர் அடைத்திருந்தது. என் கதவின் உள்கைப்பிடி எப்போதோ உடைந்தது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத்தான் திறப்பேன். இப்போது கண்ணாடி இறங்கவில்லை. பின்கதவுகளில் பேத்திக்காகப் போட்ட சைல்டு லாக். ஹார்னும் அடிக்கவில்லை. கண்ணாடியை உடைக்கலாம் என்றால் கையில் செருப்பைத் தவிர ஒன்றுமில்லை.

போன் போட்டதற்கு மெக்கானிக், "பத்து நிமிஷம்க்கா" என்றார். அரைமணி ஆயிற்று. மகன் சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்டில் இருந்தான்; போன் லாக்கரில் கிடந்திருக்கும். எனக்கு மூச்சு முட்டியது. கண்ணாடியைக் கையால் அறைந்தேன், கத்தினேன். நமக்கு நடுவில் அரை பாட்டில் தண்ணீர். நான் மடமடவென்று குடித்தேன். நீ உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டாய். உனக்கு அளவுத் தண்ணீர்தான்.

"கத்தாதடி. மூணு வருசமா நான் இப்படித்தான் கெடக்கறேன். நீ இன்னிக்குத்தான் உள்ள வந்திருக்க."

அறைந்த கையைக் கண்ணாடியிலிருந்து எடுத்தேன். நீ, "படகு கரையில நல்லா ஓடும், அலை அடிச்சா நின்னுடும். அப்படின்னா எங்கியோ வயரு லூசுன்னு அர்த்தம். எம்பி எம்பி உக்காரு, பாக்கலாம்" என்றாய்.

இரண்டு பேரும் சீட்டில் எம்பினோம். ஒரு விளக்கு மினுக்கென்று வந்து போனது. "பட்டனை அமுக்கிட்டே இரு. கைய எடுக்காத." விளக்கு மினுக்கும் போதெல்லாம் கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கியது. எம்பினோம், எம்பினோம். உனக்கு மேல்மூச்சு வாங்கியது. முழங்கை நுழையும் அளவு இறங்கியதும் கதவைத் திறந்து ரோட்டில் விழுந்தேன்.

"பேட்டரிலேர்ந்து வர்ற கறுப்பு வயரைப் புடிச்சிக்கினே போ. பாடியில எங்க சேருதுன்னு பாரு" என்று உள்ளிருந்து சொன்னாய். போனட்டுக்குள் அது சேருகிற இடத்து போல்ட் விரலாலேயே சுற்றியது. கிளட்ச் மாற்றக் கழற்றியவர்கள் முறுக்க மறந்திருக்கிறார்கள். முந்தானையைச் சுற்றிக் கையால் முடிந்தவரை இறுக்கினேன். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் உறுமியது. நான் அழுதேன்.

"வண்டிய வூட்டுக்குத் திருப்பு" என்றாய்.

"இன்னாடி சொல்ற? இப்பவே லேட்டு."

"வேணாம்டி. எனக்குப் போதும்."

ஆஸ்பத்திரிக்கே ஓட்டினேன். நீ வெளியே கரும்பைப் பார்த்துக்கொண்டு வந்தாய். அதன் பிறகு ஒரு நாளும் நீ அதைக் கேட்கவில்லை. வெயில் சூட்டில் ஏதோ சொல்லிவிட்டாய் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய். காரியம் முடிந்த அன்று உன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா வண்டி நின்ன அன்னிக்கே டயாலிசிஸ நிறுத்திடணும்னு இருந்துச்சு பெரிம்மா. 'போதும்னேன், அவ வண்டிய வெரட்டிட்டாடி, நான் இப்ப போனா தாங்க மாட்டா, கொஞ்ச நாள் பழகட்டும்'னு சொல்லிக்கினே ஒங்கூட வந்துச்சு" என்றாள்.

ஆறு மாதம். எத்தனை ஊசி, எத்தனை தாகம். உன்னைப் பிழைக்க வைப்பதாக எண்ணி நான் ஓட்டினேன். நீ என்னைத் தயார் செய்வதற்காக ஏறி உட்கார்ந்தாய்.

அன்று "நெசமாவாடி சொல்ற?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீ என்ன சொல்லுவாயோ என்று பயந்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டேன். அந்தக் கேள்வி இன்னும் என் வாய்க்குள்ளேயே இருக்கிறது.